முதல் தப்பாவே தப்பாப் போச்சு: காதிஸில் கையைக் கடிக்காமல் சாப்பிடுவது எப்படி?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோடில் ஸ்பெயின் ரயில் டிக்கெட் பற்றிப் பேசினோம். அதைக் கேட்ட நிறைய பேர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "டிக்கெட் எல்லாம் சரி, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?" அதிலும் குறிப்பாக தப்பாஸ். சின்னச் சின்னத் தட்டில் வரும், விலை கம்மி, லோக்கல் மக்களோடு நின்று சாப்பிடலாம் என்று ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். நானும் அதைப் பார்த்துத்தான் போனேன். முதல் ராத்திரியே 34 யூரோ காலி.

ஒரு யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சாப்பாட்டுக்கு நான் ஒதுக்கி வைத்திருந்தது மொத்தமே 90 யூரோ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வேளையில் போய்விட்டது. அதுவும் நல்ல சாப்பாட்டுக்காகப் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

ஊர் காதிஸ். ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், ஆண்டலூசியா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். ஃபினீஷிய வணிகர்கள் காதிர் என்ற பெயரில் தொடங்கிய துறைமுகம். மேற்கு ஐரோப்பாவில் இன்றும் மக்கள் வாழ்கிற மிகப் பழைய நகரங்களில் ஒன்று. பழைய நகரத்தை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு அரை மணி நேரத்துக்குள் நடந்து கடந்துவிடலாம். இவ்வளவு சின்ன ஊரில் நான் எப்படி ஏமாந்தேன்?

சாயங்காலம் ஏழு மணி. நல்ல பசி. கதீட்ரல் வாசலில் இருக்கும் சதுக்கத்தில் குடை போட்ட மேசை. ஆறு மொழியில் மெனு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பளபளவென்று போட்டோ. பயேயா ஒன்று, கணவாய் வறுவல் ஒன்று, சங்ரியா ஒரு கிளாஸ். கேட்காமலே ஒரு கூடை ரொட்டி வந்தது. சரி, இலவசம் போல என்று நினைத்துச் சாப்பிட்டேன். அதற்கும் பில்லில் காசு. பயேயா மைக்ரோவேவில் சுட வைத்த உறைந்த சோறு. சுற்றிப் பார்த்தால் ஸ்பானிஷ் பேசுகிறவர் என்று வெயிட்டரைத் தவிர யாருமே இல்லை.

மறுநாள் காலை என் ஃப்ரெண்ட் செவில்லாவிலிருந்து ரயிலில் வந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம்தான். அங்கேதான் படிக்கிறாள், ஸ்பானிஷ் சரளமாக வரும். கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "டேய், ஏழு மணிக்கு ஸ்பெயின்ல யாருடா ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவாங்க? கதீட்ரல் வாசல்ல உக்காந்து பயேயா வேற! முதல் தப்பாவே தப்பாப் போச்சா?"

அடுத்த மூன்று நாளில் அவளிடமிருந்தும், பார் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றவர்களிடமிருந்தும், பக்கத்தில் நின்று குடித்தவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டதுதான் இந்த எபிசோட்.

தப்பா என்பது ஒரு அளவு

முதலில் இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். தப்பா என்பது ஒரு பதார்த்தத்தின் பெயர் இல்லை, ஒரு அளவின் பெயர். ஒரே உருளைக்கிழங்கு சாலட்டை மூன்று அளவில் வாங்கலாம். தப்பா என்றால் நாலைந்து வாய்க்கு வரும் சின்னத் தட்டு. மெதியா ரசியோன் என்றால் அரைத் தட்டு, இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். ரசியோன் என்றால் முழுத் தட்டு, மூன்று நாலு பேருக்கு.

நான் போனபோது சாதாரண பார்களில் ஒரு தப்பா இரண்டரையிலிருந்து நாலு யூரோ வரை இருந்தது. அதே ரசியோன் என்றால் பத்து யூரோவைத் தாண்டும். மெனுவில் ஒரே ஒரு விலை போட்டிருந்தால் அது பெரும்பாலும் ரசியோன் விலை. நீங்கள் விரலால் காட்டினால் பெரிய தட்டுதான் வரும். அதனால் வாயைத் திறந்து "ஊனா தப்பா" என்று சொல்லிவிடுங்கள். ஒரு தப்பா என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தை உங்கள் பில்லைப் பாதியாக்கும்.

சில கடைகளில் கவுண்ட்டரில் நின்றால் மட்டும்தான் தப்பா கொடுப்பார்கள், வெளியே மேசையில் உட்கார்ந்தால் ரசியோன்தான். சில இடங்களில் அதே தட்டுக்கு வெளி மேசையில் விலை கொஞ்சம் கூட இருக்கும். விலைப்பட்டியலில் 'பார்ரா', 'மேசா', 'தெர்ராசா' என்று மூன்று வரிசை இருந்தால் அதுதான் விஷயம்: கவுண்ட்டர், உள் மேசை, வெளி மேசை. உட்காரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

'தப்பா' என்ற சொல்லுக்கு மூடி என்று அர்த்தம். இதற்குக் காதிஸ்காரர்கள் சொந்தமாகவே ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே மணல்வெளிச் சாலையில் 1780-ல் தொடங்கிய 'எல் சாத்தோ' என்ற சத்திரம் இருக்கிறது. பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ மன்னர் அங்கே ஷெர்ரி கேட்டாராம். காற்றில் மணல் விழாமல் இருக்க, பரிமாறியவர் கிளாஸ் மேல் ஒரு துண்டு பன்றித் தொடை இறைச்சியை மூடி மாதிரி வைத்தாராம். மன்னர் அதைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொன்று, அதே மூடியோடு" என்றாராம். மற்ற ஊர்க்காரர்களிடம் வேறு வேறு மன்னர் கதைகள் உண்டு. எது நிஜம் என்று யாரும் சண்டை போடுவதில்லை. ஒன்று மட்டும் எல்லாக் கதையிலும் பொது: முதலில் கிளாஸ், அதன் கூடவே வருவதுதான் தட்டு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "தப்பாஸ் இலவசமாமே?" என்று கேட்பீர்கள். கிரனாடாவிலும் அல்மெரியாவிலும் ஒரு டிரிங்க் வாங்கினால் கூடவே ஒரு தப்பா வரும், அதற்குத் தனிக் காசு இல்லை. அல்மெரியாவும் கடலோர ஊர்தான், அங்கே எந்தத் தப்பா வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கலாம். காதிஸில் அந்தப் பழக்கம் கிடையாது. ஆலிவ் காய் நாலு வந்தால் அதிர்ஷ்டம்.

கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்

இரண்டாவது பாடம் நேரம். மதியச் சாப்பாடு இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. அதன்பிறகு பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். திரும்ப எட்டு, எட்டரைக்குத்தான் பற்றவைப்பார்கள். ஊர்க்காரர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். அப்படியென்றால் ஏழு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு போடுகிற கடை யாருக்காகத் திறந்திருக்கிறது? என்னை மாதிரி ஆட்களுக்காக!

ஆனால் பசி கடிகாரம் பார்த்து வராதே? அதற்கு ஃபிரெய்தூரியா இருக்கிறது. மீன் வறுத்துக் கொடுக்கும் கடை. எடை போட்டுக் காகிதக் கூம்பில் கட்டித் தருவார்கள். கால் கிலோ வாங்கினால் ஒருவருக்குத் தாராளம். பூக்கடைகள் இருக்கும் சதுக்கத்தில் 'லாஸ் ஃப்ளோரெஸ்' என்ற கடை ஊரறிந்தது. கூம்பை வாங்கிக்கொண்டு போய்க் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை மூடியிருக்கும், அதனால் திங்கட்கிழமை புது மீன் வரத்து குறைவு. செவ்வாயிலிருந்து சனி வரைதான் மீனுக்கு நல்ல நாள். வார நாட்களில் மதியம் 'மெனூ தெல் தியா' கேளுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, ஒரு டிரிங்க், கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. 1960-களில் அரசாங்கம் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்று அதைச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ்காரர்களும் கட்டட வேலை செய்கிறவர்களும்தான். நம்ம ஊர் அளவு சாப்பாடு மாதிரி.

எந்தப் பக்கம் நடப்பது

காதிஸ் துறைமுகம் பழைய நகரத்தை ஒட்டியே இருக்கிறது. க்ரூஸ் கப்பல் வந்து நின்றால் ஆயிரக்கணக்கான பேர் இறங்கி, ஐந்து நிமிடத்தில் சான் ஹுவான் தே தியோஸ் சதுக்கத்தில் இருப்பார்கள். அங்கிருந்து கதீட்ரல். சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த வழியில் இருக்கும் பல கடைகளுக்கு நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரியும். திரும்பி வராத வாடிக்கையாளருக்கு நல்ல சாப்பாடு போட வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறது? கப்பல் எந்த நாளில் வருகிறது என்ற பட்டியலைத் துறைமுக நிர்வாகமே வெளியிடுகிறது. ஒரு தடவை பார்த்துவிட்டு நாளைத் திட்டமிடுங்கள்.

நீங்கள் நடக்க வேண்டியது மேற்குப் பக்கம், லா வின்யா என்ற பகுதிக்கு. ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டமாக இருந்ததால் அந்தப் பெயர். பிறகு மீனவர் குடியிருப்பானது. காதிஸ் கார்னிவலின் நக்கல் பாட்டுகளுக்குப் பேர் போன இடமும் இதுதான். லா கலேத்தா என்ற சின்னக் கடற்கரை இதன் வாசல் மாதிரி. வீர்ஹென் தே லா பால்மா தெருவில் வரிசையாக மீன் கடைகள். அதிலிருந்து கிளை பிரியும் சந்துகளில்தான் விலை குறையும்.

போகிற வழியில் மத்தியச் சந்தை, 1838-ல் கட்டியது. நடுவில் மீன், காய்கறி. சுற்றி வரச் சின்னச் சின்ன உணவுக் கடைகள். காலையில் முதலில் மீன் பக்கம் போய் என்ன குவிந்து கிடக்கிறது என்று பாருங்கள். மதியம் எந்த பாரிலும் அதைக் கேட்கலாம், விலையும் கட்டுப்படியாகும். சந்தையிலேயே இல்லாத மீன் மெனுவில் இருந்தால் அது ஃப்ரீசரிலிருந்துதான் வந்திருக்கும்.

கடையைப் படிப்பது எப்படி

கதவுக்கு வெளியே அரை நிமிடம் நில்லுங்கள். நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, மெனு. சாக்பீஸால் எழுதிய கரும்பலகை, அதில் ஒன்றிரண்டு அடித்துவிடப்பட்டிருந்தால் மிக நல்லது. தீர்ந்துபோகிறது என்றால் அன்றன்றைக்குச் சமைக்கிறார்கள். போட்டோ போட்ட பயேயாப் பலகை என்றால் நகர்ந்துவிடுங்கள். பயேயா வலென்சியாப் பக்கத்துச் சாப்பாடு, காதிஸ் பார்களின் பதார்த்தம் இல்லை.

இரண்டு, கிளாஸ். ஊர்க்காரர்கள் கையில் சின்ன கிளாஸ் பீர் இருக்கும், பெயர் கான்யா. அல்லது மன்சனீயா இருக்கும். பக்கத்து ஊரான சான்லூகர் தே பர்ரமேதாவில் மட்டும் முதிரவைக்கும் ஷெர்ரி வகை ஒயின் அது, லேசாக உப்புக் கரிக்கிற மாதிரி இருக்கும். ஜக்கு ஜக்காகச் சங்ரியா ஓடுகிறது என்றால் அது டூரிஸ்ட் கடை.

மூன்று, ஆட்கள். கவுண்ட்டரில் வயதானவர்கள் நிற்கிறார்களா, பார்காரர் அவர்கள் கேட்கும் முன்பே கிளாஸை எடுக்கிறாரா என்று பாருங்கள்.

நான்கு, விலை எழுதியிருக்கிறதா. மீனுக்குப் பக்கத்தில் 'எஸ் எம்' என்று இரண்டு எழுத்து இருந்தால் 'சந்தை விலைப்படி' என்று பொருள். அது ஏமாற்று இல்லை, ஆனால் விலையைக் கேட்காமல் ஆர்டர் பண்ணாதீர்கள். "குவான்தோ எஸ்?" எவ்வளவு? இதைக் கேட்க வெட்கப்பட்டு ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

இன்னொரு உபயோகமான தகவல்: 2022-ல் வந்த சட்டப்படி, ஸ்பெயினில் உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். "அக்வா தெல் க்ரீஃபோ" என்று கேளுங்கள். பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

என்ன கேட்பது

தோர்த்தீயீத்தா தே கமரோனெஸ். பெயர் நீளம், பொருள் எளிது: பொடி இறால் அடை. கோதுமை மாவும் கடலை மாவும் கரைத்து, வெங்காயம், பார்ஸ்லி, நகத்தளவு கூட இல்லாத இறால் போட்டு, எண்ணெயில் மெல்லிசாக ஊற்றிப் பொரிப்பது. ஓரம் வலை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். கடலை மாவு வாசனை வந்ததும் எனக்கு பஜ்ஜிக் கடை ஞாபகம்.

கசோன் என் அதோபோ. சின்னச் சுறாவைத் துண்டு போட்டு, வினிகர், பூண்டு, சீரகம், ஓரிகானோவில் ஊறவைத்துப் பொரிப்பது. காதிஸில் இதை 'பியென்மெசாபே' என்றும் சொல்வார்கள். "எனக்கு ருசிக்குது" என்று அர்த்தம். பதார்த்தத்துக்கு இப்படியும் பெயர் வைக்கலாம் பாருங்கள்!

சிசர்ரோனெஸ். மசாலா தடவிச் சமைத்த பன்றி இறைச்சியைக் காகிதம் போல் சீவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். லா வின்யாவில் 1953 முதல் இருக்கும் 'காசா மான்தேகா'வில் இதைத் தட்டே இல்லாமல் காகிதத்தில் வைத்துத் தருகிறார்கள். இப்போது உலகம் முழுக்கத் தெரிந்த கடை, கூட்டம் அள்ளும். ஆனாலும் கவுண்ட்டரில் நின்று சாப்பிட்டால் விலை இன்னும் கட்டுப்படியாகிறது.

வசந்தகாலத்தில், மே மாத வாக்கில் போனால் சூரை மீன். பார்பாத்தே, கோனில் கடற்கரைகளில் 'அல்மத்ராபா' என்ற நிலை வலைகளில் பிடிக்கிறார்கள். இந்தக் கரையில் ஆயிரக்கணக்கான வருடங்களாக நடக்கும் தொழில் அது. விலை கூடத்தான், ஒரு தப்பா மட்டும் வாங்கி ருசி பாருங்கள்.

சைவம் என்றால் கொஞ்சம் உஷார். 'பாப்பாஸ் அலின்யாஸ்' கேளுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கில் ஆலிவ் எண்ணெய், ஷெர்ரி வினிகர், வெங்காயம், பார்ஸ்லி. மேலே சூரை மீன் தூவிவிடுவார்கள், அதனால் "சின் அதூன்", சூரை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மலைப் பக்கத்து 'பயோயோ' ஆட்டுப்பால் சீஸும் நல்ல தேர்வு. "சைவம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டுகளை ஒரு பொருட்டாகவே நினைக்காத சமையல்காரர்கள் உண்டு. எது வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே கடையில் வயிறு நிறைய உட்காராதீர்கள். ஒரு கிளாஸ், ஒன்றோ இரண்டோ தப்பா, அடுத்த கடை. இரண்டாம் நாள் ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் மூன்று கடை ஏறி இறங்கினோம். ஆறு தப்பா, ஆறு கிளாஸ். மொத்தம் 29 யூரோ. நான் முந்தின ராத்திரி தனியாகக் கொடுத்ததைவிட இரண்டு பேருக்கும் சேர்த்தே கம்மி.

அசல் கடை எது?

இத்தோடு எபிசோடை முடித்திருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் ஒன்று நடந்தது.

லா வின்யாவில் ஒரு சந்து பார். பெயர்ப் பலகைகூடச் சரியாக இல்லை. கவுண்ட்டரில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற கப்பல் கட்டும் தொழிலாளி, என் ஃப்ரெண்டிடம் பேச்சுக் கொடுத்தார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்: "ஹோட்டல்ல இல்ல, இங்கதான், ரெண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட். லோக்கல் மாதிரி!"

அவர் சிரித்தார். அப்புறம் சொன்னதை அவள் மொழிபெயர்த்தாள். "அந்தத் தெருவுலதான் என் பொண்ணு வாடகைக்கு இருந்தாளாம். வீட்டுக்காரர் டூரிஸ்டுக்கு விடப்போறேன்னு காலி பண்ணச் சொல்லிட்டாராம். இப்ப பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. முன்னாடி தினமும் இங்க வருவாளாம், இப்ப ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்கு ஒரு கிளாஸ் மன்சனீயாவும் வாங்கித் தந்தார். அதுதான் ரொம்பச் சங்கடமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் கதவுகளைக் கவனித்தேன். எண் பூட்டுப் போட்ட சின்னச் சாவிப் பெட்டிகள், வாசலுக்கு வாசல். என் ஃபிளாட் கதவிலும் ஒன்று. காதிஸ் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர், புதிதாகக் கட்ட இடமே இல்லை. ஸ்பெயினிலேயே வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம் உள்ள மாகாணங்களில் இதுவும் ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரத்தில் இப்போது சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர்தான். அதற்கு வேலையின்மையும் காரணம், வீட்டு வாடகையும் காரணம்.

நான் மூன்று நாளாகத் தேடிய 'அசல் கடை' என்பது பழைய மரக் கவுண்ட்டரோ சுவரில் தொங்கும் போட்டோவோ இல்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் தினமும் வருவதால் அதன் விலை குறைவாக இருக்கிறது. நாளைக்கும் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும் என்பதால் சமையல் ஒழுங்காக இருக்கிறது. அவர்கள் வீடு காலியானால் மரக் கவுண்ட்டர் அப்படியே இருக்கும், கரும்பலகையில் மட்டும் ஆறு மொழி வந்துவிடும். அந்த வீட்டைக் காலி செய்ய வைத்ததில் என் மூன்று நாள் வாடகையும் சேர்த்தி.

இதைச் சொல்லி யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. காதிஸுக்கு வருமானம் வேண்டும், அந்த பார்காரருக்கும் வேண்டும். அடுத்த முறை நான் செய்யப்போவதை மட்டும் சொல்கிறேன். ஃபிளாட்டுக்குப் பதில் ஹாஸ்டலிலோ, குடும்பம் நடத்தும் சின்ன விடுதியிலோ தங்குவேன். அங்கே அதற்கு 'பென்சியோன்' என்று பெயர். ஆகஸ்டையும் கார்னிவல் வாரத்தையும் தவிர்ப்பேன். கூட்டம் இருக்கும்போது ஒரு கான்யாவை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கவுண்ட்டரை அடைத்துக்கொண்டு நிற்க மாட்டேன். அந்தச் சந்து பாரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. கோபிக்காதீர்கள், தேடுகிற முறையைத்தான் சொல்லிக் கொடுத்துவிட்டேனே!

கிளம்புகிற அன்றைக்கு மதியம் அங்கே மறுபடியும் போனேன், தனியாக. "ஊனா தப்பா தே பாப்பாஸ் அலின்யாஸ்" என்று நானே கேட்டேன். சாப்பிட்டு முடித்ததும் "மே கோப்ராஸ்?" காசு வாங்கிக்கிறீங்களா? பார்காரர் கவுண்ட்டர் மரத்தில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினார். நாலு யூரோ அறுபது சென்ட். பெரியவர் அன்றைக்கு இல்லை. அவருக்கு ஒரு கிளாஸ் மன்சனீயாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், போட்டோ போட்ட மெனுவைப் பார்த்தால் நடையைக் கட்டுங்க மக்களே!